பச்சைப் புள்ளித் துணி

அத்தியாயம் 14

கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது.

உள் அறையில் பெரியவளின் குரல் கேட்டது.

தையல்காரர் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் குரல் போய்விடும் என்று ஒரு பயம். உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் பெரியவள் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். வாக்கியத்தை முடிக்கும்போது லேசாக மேலே தூக்கி விடும் அதே இழுப்பு. நடுவில் தொண்டையைச் செருமும் அதே செருமல்.

ஊசியைத் துப்பிவிட்டு, "யாருடி உள்ளே?" என்று கத்தினார்.

குரல் நின்றது. கதவு திறந்தது. சின்னவள் தலையை நீட்டினாள்.

"நான்தான்ப்பா. வேற யாரு இருக்கா இந்த வீட்டுல?"

அந்தக் கேள்வி தரையில் விழுந்து கிடந்தது. இரண்டு பேரும் அதைத் தாண்டிக்கொண்டு பேசினார்கள்.

"இப்பப் பேசினது?"

"நான்தான். மதியத்துக்கு முன்னாடி டெமோ கிளாஸ் இருக்குல்ல, பழகிப் பார்க்கிறேன்."

"அவ மாதிரியே பேசுறே."

"அவ குரலைக் கேட்டுத்தானேப்பா கத்துக்கிட்டேன். வேற மாதிரி எப்படி வரும்?" கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்திலிருந்து படிப்பவர்கள் அதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

தையல்காரருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் டீச்சராக வெளிநாட்டுக்குப் போனாள். போன புதிதில் வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டாள். தங்கைக்கு இங்கிலீஷ் பழக்கிவிட, பாடம் பாடமாகத் தன் குரலைப் பதிவு செய்து அனுப்பினாள். அப்புறம் பேச்சு குறைந்தது. அப்புறம் நின்றது. பள்ளிக்கூடத்தில் விசாரித்தால், "அவராகவே வேலையை விட்டுப் போய்விட்டார், எங்கே போனார் என்று எங்களுக்குத் தெரியாது" என்று ஒரே பதில். அனுப்பி வைத்த ஏஜென்ட் போனை எடுப்பதை விட்டுவிட்டான். மனுக் கொடுத்த இடத்தில், "வயது வந்த பெண், அவள் இஷ்டம்" என்று சொல்லிக் கதவைக் காட்டினார்கள். அதோடு சரி. இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இப்போது சின்னவளும் அதே வேலைக்கு, அதே நாட்டுக்குப் போகிறேன் என்று நிற்கிறாள்.

தையல்காரர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. கடவுளே வந்து சட்டைக்கு அளவு கொடுத்தாலும் இரண்டாம் தடவை டேப்பைப் போட்டுப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியது கொஞ்ச காலம்தான். அதற்குள் வாத்தியாரையும் நம்பக்கூடாது என்று தெரிந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். இந்த வெளிநாட்டு வேலை விஷயத்தில் அவருடைய முடிவு ஒன்றுதான். ஒரு தடவை துணி கொடுத்து ஏமாந்த கடையில் மறுபடி துணி கொடுப்பதில்லை.

"மூஞ்சியைப் பார்த்தே வேணாம்னு சொல்ற ஆளுங்ககிட்ட எதுக்குடி போய் நிக்கணும்?" என்று அன்று காலையிலும் சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

அதில் பொய் இல்லை. சின்னவள் மாதக்கணக்கில் மனுப் போட்டிருந்தாள். பிறந்ததிலிருந்து இங்கிலீஷ் பேசியவர்கள்தான் வேண்டும் என்றது ஒரு பள்ளிக்கூடம். போட்டோவை அனுப்பச் சொல்லிவிட்டு, போட்டோ போய்ச் சேர்ந்ததும் இடம் நிரம்பிவிட்டது என்றது இன்னொன்று. ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான் டெமோ கிளாஸுக்குக் கூப்பிட்டிருந்தது.

வீட்டுக்காரி கையில் கரண்டியோடு வந்து நின்றாள். "ஒருத்தியைக் காணோம்னு இன்னொருத்தியைப் பெட்டியில வச்சுப் பூட்ட முடியுமா?"

"பூட்டுவேன்."

"சாவியை எங்கே வைப்பீங்க? மூக்குக் கண்ணாடியை வச்ச இடமே உங்களுக்கு ஞாபகம் இருக்கறதில்லை."

"நேத்து சாயங்காலம் அந்தப் பொம்பளை என்ன சொன்னா?" என்று பேச்சை மாற்றினார்.

"என்ன சொல்லுவா? அதையேதான் சொன்னா."

விளக்குப் போடும் நேரத்துக்கு வீட்டுக்காரி தினமும் பெரியவளின் நம்பரைக் கூப்பிடுவாள். நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பதிவு செய்த ஒரு பெண் குரல் சொல்லும். வீட்டுக்காரி அதைக் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். பாதியில் வைத்தால் அந்தப் பெண்ணுக்கு மரியாதை இல்லையாம். 'தினமும் கேக்கறேன், தினமும் பொறுமையா பதில் சொல்றா. நம்ம வீட்டுல யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கு?' என்பாள்.

தையல்காரர் மறுபடி கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். துணியில் போட்ட சாக்பீஸ் கோடு இரண்டாகத் தெரிந்தது.

* * *

சின்னவள் வெளியே வந்தபோது தலை வாரி, நல்ல உடுப்புப் போட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, ஒரு உதவி."

"முடியாது."

"என்னன்னு கேளுங்க முதல்ல."

"கேட்டாலும் முடியாதுதான். சொல்லு."

"டெமோ கிளாஸ்ல நிஜமாவே ஒருத்தருக்குப் பாடம் நடத்திக் காட்டணும். இங்கிலீஷ் சுத்தமா தெரியாத ஆளா இருக்கணும். எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் வர்றேன்னு சொல்லியிருந்தார். இப்போ காய்ச்சலாம். நீங்கதான் உட்காரணும்."

"நானா? மாணவனா?"

"உங்களைவிட்டா சுத்தமா தெரியாத ஆளுக்கு இப்போ நான் எங்கே போவேன்?"

வீட்டுக்காரி சமையலறைக்குள் சிரித்தது இங்கே கேட்டது.

தையல்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். கண்ணில் ஏதோ ஒன்று ஓடியது. "சரி, வர்றேன்" என்றார். இவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் சரி சொன்னதில்லை. சின்னவள் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

அவர் கணக்கு எளிமையானது. போய் உட்கார வேண்டியது. வாயைத் திறக்கக் கூடாது. என்ன கேட்டாலும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருக்க வேண்டியது. மாணவன் ஊமையாக இருந்தால் டீச்சருக்கு எவன் வேலை கொடுப்பான்? பெண் வீட்டோடு இருப்பாள். பழி இங்கிலீஷ் மேல் போகும்.

உள் அறையில் மேஜை மேல் பித்தான் டப்பா, அதற்கு மேல் லேப்டாப். சுவரில் தொங்கிய பாதித் தைத்த உடுப்புகளை மறைக்க ஒரு வெள்ளைப் போர்வையைக் கட்டியிருந்தாள். இரண்டு நாற்காலி. லேப்டாப்புக்கு நேராக அவரை உட்கார வைத்துவிட்டு அவள் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். மேஜை ஓரத்தில் ஒரு கத்தரிக்கோல், ஒரு சட்டை, ஒரு டேப், அம்மாவின் மூக்குக் கண்ணாடி.

"இதெல்லாம் எதுக்கு?"

"பாடத்துக்கு."

லேப்டாப்பில் ஆட்கள் தெரிந்தார்கள். வட்டக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, கையில் பேனாவோடு. அவள் பக்கத்தில் ஒரு வழுக்கைத்தலை, கையில் கோப்பையோடு.

சின்னவள் வணக்கம் சொல்லிப் பேச ஆரம்பித்தாள். மறுபடி அதே குரல். தையல்காரர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது சின்னவள்தான், கண் சொல்கிறது. காது ஒத்துக்கொள்ள மறுத்தது.

அங்கேயும் ஏதோ நடந்தது. கண்ணாடிக்காரியின் பேனா நின்றது. அவள் தலையைத் தூக்கி, சின்னவளையே பார்த்து, ஏதோ கேட்டாள். சின்னவள் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினாள்.

"என்ன கேக்குறா?"

"ஒண்ணுமில்லப்பா, சும்மா."

அடுத்து கண்ணாடிக்காரி எழுந்தாள். படம் ஆடியது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கேயோ நடக்கிறாள்.

"எங்கே போறா? பரீட்சை முடிஞ்சிடுச்சா?"

"முதல்ல டீச்சர் தங்கற ரூமைக் காட்டுவாங்களாம். நிறையப் பேர் போய் இறங்கின பிறகு ரூம் சரியில்லைன்னு சண்டை போட்டுத் திரும்பிடறாங்களாம். ரூம் பிடிச்சிருக்குன்னு சொன்னாத்தான் பரீட்சை."

"ஏமாத்துறவன்தான் முதல்ல வீட்டைக் காட்டுவான்."

சின்னவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நீளமான நடை. வரிசையாகக் கழற்றிப் போட்ட செருப்புகள். படிக்கட்டு. பூட்டுக்குப் பக்கத்தில் பெயிண்ட் உதிர்ந்த ஒரு கதவு. கதவு திறந்தது. இரும்புக் கட்டில், மேல் விரிப்பில்லாத மெத்தை. மேஜை, ஒரு நாற்காலி. எதையோ மாட்டியிருந்து எடுத்த வெறும் ஆணி. ஜன்னல்.

ஜன்னலில் ஒரு திரை.

தையல்காரர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

அந்தத் திரை மூன்று பட்டையாகத் தைத்தது. நீலக் கோடு போட்ட சட்டைத் துணி ஒரு பக்கம், சாம்பல் கோடு இன்னொரு பக்கம், நடுவில் காப்பிக் கலர். ஓரத்துப் பட்டைகளில் கோடு மேலிருந்து கீழே இறங்குகிறது. நடுப் பட்டையில் மட்டும் கோடு குறுக்கே ஓடுகிறது.

உலகத்தில் எந்தத் தையல்காரனும் அப்படி ஒரு வேலையைச் செய்து வெளியே கொடுக்கமாட்டான். மீந்த துணியில் நீளம் பத்தவில்லை என்று குறுக்கே வெட்டி, வீட்டுக்குத்தானே என்று அப்படியே தைத்து மாட்டியது அவர் கை. பெரியவளுக்கு அந்தத் திரைதான் வேண்டும். சின்ன வயதிலிருந்தே அதற்குப் பக்கத்தில்தான் படுப்பாள். கோபம் வந்தால் அதை இழுத்து மூடுவாள். கம்பியில் பித்தளை வளையங்கள் கீச்சென்று உரசும். வீட்டில் யாருக்கு யார் மேல் கோபம் என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது வளையங்களோடு சேர்த்து மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அது இல்லாமல் தூக்கம் வராதாம்.

ஆனால் பெரியவள் வேலை பார்த்தது இந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை. வேறு ஊர், வேறு பள்ளிக்கூடம்.

கண்ணாடிக்காரி போனை ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். வெளியே தெரியும் மரத்தைக் காட்டினாள். தையல்காரர் மரத்தைப் பார்க்கவில்லை. திரையின் அடியைப் பார்த்தார்.

அவர் தைத்தது சின்ன ஜன்னலுக்கு. அங்கே இருப்பது பெரிய ஜன்னல். உயரம் பத்தாமல் அடியில் யாரோ ஒரு துண்டு சேர்த்துத் தைத்திருந்தார்கள்.

பச்சைத் துணி. வெள்ளைப் புள்ளி.

அந்தத் துணியும் அவருக்குத் தெரியும்.

படம் ஆடி, படிக்கட்டில் இறங்கி, மறுபடி பழைய இடத்துக்கு வந்தது. கண்ணாடிக்காரி உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். சின்னவள் ரூம் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். தையல்காரர் பக்கம் திரும்பிக் கத்தரிக்கோலை உயர்த்தினாள்.

"ஹூஸ் சிஸர்ஸ் ஆர் தீஸ்?"

அது அவர் காதில் விழவில்லை.

"அப்பா. இது யாரோடதுன்னு கேக்கறேன். இதுக்கு நீங்க, 'தே ஆர் மைன்'னு சொல்லணும். என்னோடதுன்னு அர்த்தம்."

அவர் சின்னவளைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் போதும். நினைத்தது நடந்துவிடும். பெண் வீட்டோடு இருப்பாள், எதிரே உட்கார்ந்து பித்தான் தைப்பாள், ராத்திரி கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். வாயைத் திறந்தால், அந்தத் திரை தொங்குகிற அறைக்குள் இவளும் போவாள். ஆனால் அந்த அறைக்குப் போகாமல் பெரியவளைப் பற்றி யார் சொல்லப்போகிறார்கள்?

சின்னவள் கத்தரிக்கோலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

"தே ஆர் மைன்" என்றார் தையல்காரர்.

அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்து சட்டையைத் தூக்கினாள்.

"ஹூஸ் ஷர்ட் இஸ் திஸ்? இது யாரோட சட்டை?" அவளே பதிலையும் சொன்னாள். "இட் இஸ் மை ஃபாதர்ஸ்." மூக்குக் கண்ணாடியைத் தூக்கினாள், அது அம்மாவுடையது. டேப்பைத் தூக்கினாள். ஒவ்வொன்றாகக் கேட்கவைத்து, சொல்லவைத்து, அவர் தப்பாகச் சொன்னபோது திருத்தி, சரியாகச் சொன்னபோது சிரித்தாள். அவர் நாக்கு கல்லில் மாட்டிய சக்கரம் மாதிரி திரும்பித் திரும்பிக் கடைசியில் ஓட ஆரம்பித்தது. வழுக்கைத்தலைகூடக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான்.

"இப்போ நீங்க கேளுங்கப்பா. எதையாவது காட்டி யாரோடதுன்னு கேளுங்க."

தையல்காரர் சட்டையைத் தொடவில்லை. டேப்பைத் தொடவில்லை. லேப்டாப்புக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார்.

"கர்ட்டன்" என்றார். தொழிலில் கேட்டுப் பழகிய சொல். அப்புறம், ஒவ்வொரு சொல்லாக, ஊசியில் நூல் கோப்பது போலக் கோத்தார். "ஹூஸ்... கர்ட்டன்... இஸ்... திஸ்?"

கண்ணாடிக்காரி ஒரு கணம் விழித்தாள். உடனே முகம் மலர்ந்து கைதட்டினாள். மாணவன் தானாகவே ஒரு கேள்வி கேட்டுவிட்டான்! குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னாள்.

"இட் இஸ்... தி டீச்சர்ஸ்."

டீச்சர் என்ற சொல் தையல்காரருக்குத் தெரியும். இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு ஆள்தான்.

வழுக்கைத்தலை கண்ணாடிக்காரியின் காதருகே குனிந்தான். சுருக்கமாக ஏதோ சொன்னான். அவள் முகத்திலிருந்த சிரிப்பு விளக்கை அணைத்தது போலப் போனது. சின்னவளையும் தையல்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மரியாதையாக நாலு வார்த்தை. லேப்டாப்பில் படம் அணைந்தது.

சின்னவள் எழுந்து போர்வையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"டீச்சரோடதுன்னுதானே சொன்னா?"

"ஆமாப்பா."

"எந்த டீச்சர்?"

"அதைச் சொல்லலை" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

* * *

வெயில் தாழ்ந்த பிறகு இஸ்திரிக்காரர் மூட்டையோடு வந்தார்.

"அண்ணே, இதுல ரெண்டு சட்டைக்குக் காலர் மடங்கலை. என்ன கேன்வாஸ் போட்டீங்க, தகரமா?"

"காய்ச்சல் எப்படி இருக்கு?"

"யாருக்கு?"

"உனக்கு."

"எனக்கா? காலையிலேர்ந்து கரிப்பெட்டி முன்னாடி நிக்கிறேன். காய்ச்சல் வந்தாலும் அதுல தெரியாது. ஏன்ணே?"

"என் பொண்ணு இன்னைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உன்னைக் கூப்பிடலை?"

"எனக்கு இனிமே என்ன பாடம்? என்னை யாரும் கூப்பிடலையே" என்று சொல்லிவிட்டு இஸ்திரிக்காரர் வழக்கமாகக் குடிக்கும் டீக்குக்கூட நிற்காமல் போனார். தையல்காரரின் முகம் அப்படி இருந்தது.

உள்ளே போனார். சின்னவள் லேப்டாப் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"வேணும்னே என்னை உட்கார வச்சே."

"ஆமா."

"ரூமைக் காட்டறப்போ நீ லேப்டாப்பைச் சரியாப் பார்க்கவே இல்லை. என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருந்தே."

"ஆமாப்பா."

"என்னை என்ன கோமாளின்னு நினைச்சியா?"

"சொன்னா நம்புவீங்களா?" அவள் குரல் உடைந்தது. இப்போது அது அவளுடைய சொந்தக் குரல். "டீச்சர் வேணும்னு அந்த ஸ்கூல் போட்ட போட்டோவுல ஒரு மூலையில அந்தத் திரை தெரிஞ்சுது. பொடி சைஸுல. நான் எத்தனை நாள் அதையே உத்துப் பார்த்தேன் தெரியுமா? நம்ம திரைதானா, எனக்குத்தான் அப்படித் தோணுதான்னு தெரியலை. உங்ககிட்ட அந்தப் போட்டோவைக் காட்டியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். "உனக்குக் கண்ணு கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருப்பேன்."

"அதான். தைச்ச கை பார்த்துச் சொல்லணும்னு நினைச்சேன். பார்த்துட்டுப் பேசாம இருப்பீங்கன்னு நினைச்சேன். இப்படிக் கேட்டு வைப்பீங்கன்னு நினைக்கலை."

"கேட்டது தப்பா?"

"தெரியலைப்பா. நான் அவ தங்கச்சின்னு அங்கே யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாதுன்னு இருந்தேன். ஆனா நான் வாயைத் திறந்ததுமே அந்தம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? 'நாம இதுக்கு முன்னாடி பேசியிருக்கோமா?'ன்னு கேட்டாங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. வீட்டுக்காரி வாசற்படியில் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்கிறாளோ.

தையல்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நீ பார்த்தது மேல் பாதி. கீழே பார்த்தியா?"

"கீழே என்ன? யாரோ ஒட்டுப் போட்டிருக்காங்க. திரையை அவ எங்கேயோ விட்டுட்டுப் போயிருப்பா, கை மாறி இங்கே வந்திருக்கும்னும் தோணுது."

"அந்தப் பச்சைத் துணி உனக்குத் தெரியாது." அவர் வீட்டுக்காரியைப் பார்த்தார். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

வீட்டுக்காரி முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவ வேலையை விட்டுட்டுப் போயிட்டான்னு சொன்னாங்கல்ல, அதுக்கு அப்புறம்தான் அவ பிறந்தநாள் வந்துச்சு" என்றாள். "நீ அப்போ அவ பேரை எடுத்தாலே எரிஞ்சு விழுவே. நம்மளை வேணாம்னு போனவளுக்கு எதுவும் செய்யக் கூடாதுன்னு சத்தம் போட்டே. அதனால உனக்குத் தெரியாம பச்சையில வெள்ளைப் புள்ளி போட்ட துணி வாங்கி, அப்பாகிட்டக் கொடுத்து ஒரு குர்த்தா தைக்கச் சொன்னேன். பழைய ஸ்கூல் அட்ரஸுக்கு அனுப்பினேன். பார்சல் திரும்பி வரலை. போய்ச் சேர்ந்துச்சுன்னும் யாரும் சொல்லலை."

"நான்கூடத் தண்டம்னு சொன்னேன்" என்றார் தையல்காரர்.

சின்னவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு இப்போது புரிந்துவிட்டது. காணாமல் போய்விட்டாள் என்று அவர்கள் சொன்ன பிறகு அனுப்பிய துணி. அது அந்தத் திரையின் அடியில் இருக்கிறது என்றால், காணாமல் போனவள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அப்போ அந்தப் பழைய ஸ்கூல்ல பொய் சொல்லியிருக்காங்க."

"ஒண்ணு அவங்க சொல்லியிருக்கணும். இல்லைன்னா அவளே சொல்லச் சொல்லியிருக்கணும்."

"நல்லாத் தைச்ச குர்த்தாவை எதுக்குங்க அவ வெட்டணும்?" என்று வீட்டுக்காரி கேட்டாள். அவளுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. "ஒரு தடவையாவது போட்டிருப்பாளா?"

யாருக்கும் தெரியவில்லை. ஜன்னலை முழுசாக மூட வேண்டும் என்று ஒருத்திக்கு அப்படி என்ன அவசரம், பிறந்தநாள் உடுப்பை வெட்டுகிற அளவுக்கு? வெளியிலிருந்து யார் பார்த்தார்கள்? தையல்காரர் அதை மனதுக்குள்தான் கேட்டுக்கொண்டார். வாய்விட்டுக் கேட்டால் வீட்டுக்காரி தாங்கமாட்டாள்.

அப்போது லேப்டாப்பில் ஒரு சின்னச் சத்தம். சின்னவள் குனிந்து படித்தாள். படித்துவிட்டு மறுபடி படித்தாள்.

"என்னை வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க."

அவள் மீதியையும் படித்துச் சொன்னாள்.

"டெமோ கிளாஸ்ல மாணவன் தானா ஒரு கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவையாம். ரொம்ப நல்லா நடத்தினேனாம். சீக்கிரமே வந்து சேரச் சொல்றாங்க."

வீட்டுக்காரி கணவனைப் பார்த்தாள். சின்னவளும் பார்த்தாள். பூட்டுவேன் என்று காலையில் சொன்ன ஆள் எழுந்து போய்க் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"நில்லு."

"எதுக்குப்பா?"

"இடுப்பு அளவு எடுக்கணும். உள்பை ஒண்ணு தைக்கிறேன், உடுப்புக்கு உள்ளே கட்டிக்கற மாதிரி. பாஸ்போர்ட் அதுக்குள்ளேதான் இருக்கணும். எவன் கேட்டாலும் கொடுக்காதே. குளிக்கறப்போகூடக் கழட்டாதே."

"நனைஞ்சிடும்ப்பா."

"நனையட்டும். காயப் போட்டுக்கலாம்."

இரண்டு தடவை அளந்தார். மூன்றாம் தடவையும் அளந்தார். அளவு மாறவில்லை, அவருக்குத்தான் டேப்பை எடுக்க மனம் வரவில்லை.

"அப்போ என்னைப் போகச் சொல்றீங்களா?" என்று சின்னவள் மெதுவாகக் கேட்டாள்.

"போகச் சொல்லலை. பார்த்துட்டு வரச் சொல்றேன்." மிஷினில் உட்கார்ந்து நூலைக் கோத்தார். கண் தெரியவில்லை. அவளே வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். "இன்னொரு கேள்வி சொல்லிக்கொடு."

"எந்தக் கேள்வி?"

"அவ எங்கேன்னு எப்படிக் கேக்கறது?"

சின்னவள் தொண்டையைச் செருமினாள். "வேர் இஸ் ஷி."

"வேர் இஸ் ஷி" என்று அவர் சொன்னார். மிதியை மிதித்துக்கொண்டே சொன்னார். மிஷின் ஓடும் சத்தத்துக்குள் அது திரும்பத் திரும்பக் கேட்டது. வீட்டுக்காரி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

விளக்குப் போடும் நேரம் வந்தது. வீட்டுக்காரி விளக்கைப் போட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து, போனை எடுத்து, பெரியவளின் நம்பரைப் போட்டுக் காதில் வைத்தாள். தினமும் செய்வதுதான். மற்ற இருவரும் தலை நிமிரவில்லை.

"என்னங்க."

"என்ன?"

"அந்தப் பொம்பளை பேசலை."

மிதி நின்றது.

"மணி அடிக்குதுங்க."

சின்னவள் ஓடி வந்து போனை வாங்கி, சத்தத்தைக் கூட்டி, மூன்று பேருக்கும் நடுவில் மேஜையில் வைத்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் அணைந்து கிடந்த நம்பர் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ அதை இன்றைக்குத்தான் உயிர்ப்பித்திருக்கிறார்கள்.

மணி நின்றது. வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். வெட்டவில்லை. எடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு அறையின் அமைதி கேட்டது.

"கண்ணு?" என்றாள் வீட்டுக்காரி. "பெரியவளே? அம்மாடி, நான்தான்."

பதில் இல்லை.

தையல்காரர் பழகி வைத்த கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தார். நாக்கு எழவில்லை. சின்னவள்தான் குனிந்து, இங்கிலீஷில் பேசிப் பேசிப் பழகிப்போன அக்காவின் குரலில், "ஹலோ?" என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். தன் குரலைத் தானே கேட்டுவிட்ட மாதிரி.

அப்புறம் ஒரு சத்தம். கம்பியில் பித்தளை வளையங்கள் கீச்சென்று உரசின.

யாரோ திரையை இழுத்து மூடினார்கள்.